பழுதில்லாத கதவு

ஏறாவூர்
08.10.2023

மதிப்புக்குரிய வீட்டுக்காரர் ஜனாப் றிஸான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் நலம். கடல் தாண்டியிருக்கும் உங்கள் நலத்துக்கும் துஆச் செய்கிறோம்.

நான் நிஸ்மியா. உங்கள் வீட்டில் சென்ற மாதம் குடிவந்தவள். ஓட்டமாவடியிலிருந்து இங்கே குடும்பநல உத்தியோகத்தராக இடமாற்றம் கிடைத்து வந்திருக்கிறேன். சாவி தந்தவர் உங்கள் தங்கை ஷாகிராவின் கணவர். "என்ன பழுதெண்டாலும் மச்சானுக்கு ஈமெயில்ல எழுதிப் போடுங்க. வட்ஸ்அப்புல அடிச்சா மனிசன் பாக்கமாட்டார்" என்று சொல்லித்தான் முகவரி தந்தார். அதனால் எழுதுகிறேன். முகம் தெரியாத ஆணுக்கு எழுதுகிறேன் என்று பிழையாக நினைக்க வேண்டாம்.

பழுது ஒன்றுதான். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. கேள்வி இரண்டு. மேல்மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறதே, அதில் என்ன இருக்கிறது? உம்மா ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பூட்டையே பார்க்கிறா.

மற்றது, சமையலறையில் எல்லா டைல்ஸும் வெள்ளை. ஜன்னலுக்குக் கிட்ட ஒன்று மட்டும் நீலம். உம்மாவிடம் கேட்டேன். "மாபிள் முடிஞ்சி போயிரிக்கும்கா, கையில கிடந்தத வச்சிப் பதிச்சிருப்பானுகள்" என்றா. அப்படித்தானா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இன்னும் வெயில் கடுமை என்கிறார்கள்.

வஸ்ஸலாம்.
ம. நிஸ்மியா


தோஹா
10.10.2023

மதிப்புக்குரிய நிஸ்மியா அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறேன். உங்கள் உம்மாவுக்கும் என் ஸலாம்.

குழாய்க்கு நாளை ஆள் வரும். பூட்டிய அறையில் என் சாமான்கள். பயப்பட ஒன்றுமில்லை.

நீல டைல்ஸ், முடிந்துபோய்ப் பதித்தது அல்ல. நான் இங்கே டைல்ஸ் பதிக்கிற ஆட்களுக்குப் போர்மன். பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் வீட்டுத் தரைதான் என் வேலை. 2019இல் நாற்பது நாள் விடுமுறையில் வந்து அந்த வீட்டின் தரை முழுவதையும் நானே பதித்தேன். அந்த ஓர் இடத்தில் நின்றால் இரண்டு தென்னைகளுக்கு நடுவால் ஆறு முழுக்கத் திறந்து தெரியும். காலை ஆறு மணிக்கும் ஆறு பத்துக்கும் இடையில் சூரியன் சரியாக அந்த இடைவெளிக்குள் வரும். ஓர் அடி இந்தப் பக்கம் விலகினால் மதில். ஓர் அடி அந்தப் பக்கம் விலகினால் தண்ணீர்த் தொட்டி. அங்கே நிற்பவர் தேடிக் கஷ்டப்படக் கூடாது என்றுதான் அடையாளம் வைத்தேன்.

குழாயைப் பற்றி இரண்டு வரி எழுதவே உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
றிஸான்


ஏறாவூர்
05.11.2023

மதிப்புக்குரிய றிஸான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம். மற்றப்படி சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போர்மன்மார் வேலை முடியும் வரை தேத்தண்ணீரில் காலம் தள்ளுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நின்று பார்த்தேன்! உங்கள் கடிதம் வந்த மறுநாளே. சூரியன் ஆறு நாலுக்கு வந்தது. ஒரு தோணி, அதற்குள் எழும்பி நிற்கிற ஒரு மனிதர், அவர் வீசின வலை. வலை விரிந்த நேரம் பார்த்து வெயில் அதில் பட்டது. எனக்குப் பின்னால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. "என்னகா, ஆத்துல பேயயா கண்ட?" என்று உம்மா ஓடி வந்தா. நான் அவவைப் பிடித்து அதே இடத்தில் நிறுத்தினேன். உம்மா அடுப்பையே மறந்துவிட்டா. உம்மா அடுப்பை மறப்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் அல்ல.

அன்றிலிருந்து தினமும் நிற்கிறேன். மழை மூடிய நாட்களிலும் நிற்கிறேன், ஏன் என்று தெரியாமல். பிறகு ஏழு இருபதுக்கு ஸ்கூட்டியை எடுத்தால் பகல் முழுக்கக் கர்ப்பிணிகள், நிறை பார்க்கிற குழந்தைகள், திரிபோஷாச் சத்துமாப் பைகள். எத்தனை அழுகை கேட்டாலும் அந்தப் பத்து நிமிடம் என் கணக்கில் இருக்கும்.

ஒரு பழுது. இந்த மழைக்கு உங்கள் பூட்டிய அறைக் கதவின் அடியால் தண்ணீர் வருகிறது. உள்ளே கூரை ஒழுகுகிறது போல. சாமான்கள் நனையுமே. என்ன செய்ய?

வஸ்ஸலாம்.
நிஸ்மியா


தோஹா
06.11.2023

நிஸ்மியா அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உம்மாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் இருக்கிறது. ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

சாவி மின்சார மீற்றர்ப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. திறவுங்கள். நனையாத மூலைக்கு எல்லாவற்றையும் இழுத்து வையுங்கள். அந்த அறைக்குள் என்னைத் தவிர எவரும் போனதில்லை. என் தங்கைமாருக்குக்கூடச் சாவி இருக்கிற இடம் தெரியாது.

சிரிக்காதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வலை விரிந்த நேரம் வெயில் பட்டது என்று எழுதினீர்களே, அதை இன்று நாலு தரம் வாசித்தேன்.

றிஸான்


ஏறாவூர்
10.11.2023

றிஸான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் வந்து சேர்ந்தது. உம்மா உங்களுக்குத் துஆச் செய்துகொண்டே தேய்க்கிறா.

சிரித்தேன். மன்னியுங்கள்! பதினெட்டுக் கதவுக்குப் பூட்டும் கைபிடியும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அந்த வீட்டில் இருப்பது பதினொரு கதவு. மிச்சம் ஏழு எந்த வீட்டுக்கு?

பிறகு உங்கள் படங்களைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. கம்பனிக் கடதாசியின் பின்பக்கங்களில் இந்த வீட்டை எத்தனை தரம் வரைந்திருக்கிறீர்கள்! எண்ணினேன், நாற்பத்திரண்டு. படிகளை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். சமையலறை ஜன்னலை மட்டும் ஒரு தரமும் மாற்றவில்லை. ஒரு படத்தில் அந்த ஜன்னலடியில் பென்சிலால் ஓர் ஆள் நிற்கிறது. சேலை கட்டிய ஆள். முகம் இல்லை.

ஈரமான தாள்களைக் கயிற்றில் கொழுவி உலர்த்தினேன். ஒரு நாள் முழுக்க உங்கள் வீடுகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து நடந்தேன். உங்கள் பழைய வேலை அடையாள அட்டையும் கிடைத்தது. இருபத்து நாலு வயது இருக்குமா? மீசை உங்களுக்குப் பொருந்தவில்லை. இப்போது இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்த வீட்டை யாருக்காகக் கட்டினீர்கள்? வாடகைக்கு விடுவதற்கு ஒருவரும் நாற்பத்திரண்டு தரம் வரையமாட்டார்.

மேல்மாடிக் குளியலறைத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். அவசரம் இல்லை. நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

நிஸ்மியா


தோஹா
02.12.2023

நிஸ்மியா அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மூன்று கிழமை பதில் எழுதவில்லை. சுகமாகத்தான் இருந்தேன். எழுதி எழுதி அழித்தேன்.

மீசை இல்லை.

நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது எனக்கு வயது இருபத்து மூன்று, எனக்குக் கீழே மூன்று தங்கைமார். காத்தான்குடியில் ஷாகிராவுக்கு ஒரு வீடு, முப்லிஹாவுக்கு ஒரு வீடு. மூன்றாவதுக்கு அங்கே காணி கிடைக்கவில்லை. ஏறாவூரில் ஆற்றோரம் கிடைத்தது. அது கடைக்குட்டி ரிப்காவின் வீடு. அவளுக்குக் கலியாணப் பேச்சு வரும் வரைதான் வாடகை.

வீடு ரிப்காவுக்கு. நீல டைல்ஸ் ரிப்காவுக்கு அல்ல. அவள் விடிந்து எட்டு மணிக்குத்தான் எழும்புவாள்.

எனக்கு நாற்பத்து மூன்று. எல்லாருக்கும் வீடு கட்டினவன் விடுமுறையில் வந்தால் தங்கைமார் வீட்டில் விருந்தாளி. மிச்சம் ஏழு கைபிடியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குப் பதில் எனக்கும் தெரியாது.

இப்போது நான் கேட்கிறேன். பெண் ஒருவர் வாடகை வீட்டில் இருப்பது நம்மவர்களிடம் அபூர்வம். உங்கள் வீடு எங்கே?

பதில் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் தாழ்ப்பாளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அதையும் விருப்பத்தோடு வாசிப்பேன்.

றிஸான்


ஏறாவூர்
14.01.2024

றிஸான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உயிரோடு இருக்கிறோம், வீடும் நிற்கிறது! செய்தியில் வெள்ளத்தைப் பார்த்துப் பயந்து நீங்கள் அனுப்பிய ஆறு ஈமெயிலும் இன்றைக்குத்தான், கரண்ட் வந்த பிறகுதான் பார்த்தேன். ஆறாவதில் ஸலாமும் இல்லை, பெயரும் இல்லை. "பதில் போடுங்கள்" என்று மட்டும் இருந்தது. அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆற்று வெள்ளம் மதிலைத் தாண்டி இரண்டாம் படி வரை வந்தது. கடலுக்குத் தண்ணீர் போக முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகுதான் இறங்கியது. வியாழக்கிழமை பகல் ஒரு பிள்ளைத்தாச்சியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "மிஸ், பெட்டிக்குள்ளயே பொறந்திரும் போல" என்று அவள் என் கையை நசுக்கிப்போட்டாள். வாசலில் இறக்கி ஏழாவது நிமிடம் ஆண் குழந்தை! நான் உங்கள் அறையிலிருந்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கேட்காமல் எடுத்தேன். திருப்பி வைக்கவும் இல்லை.

போன மாதம் என் வீட்டைக் கேட்டீர்கள், பதில் எழுதத் தயங்கினேன். இருந்தது. அதைச் சீதனமாகக் கொடுத்து என்னைக் கட்டி வைத்தார்கள். வந்தவருக்கு வீடு பிடித்தது, என்னைப் பிடிக்கவில்லை. நாலு வருடத்தில் முடிந்தது. பிறகு தங்கை றஸீனாவுக்குப் பேச்சு வந்தது. அவளுக்கு வீடு இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். வருத்தம் இல்லை. ஆனால் வீடில்லாத பெண்ணை எவரும் கேட்டு வருவதில்லை என்பதை உம்மா வருடத்துக்கு ஒரு தரமாவது ஞாபகப்படுத்துவா.

இன்னொன்று. வீட்டுக்காரரை அண்ணன் முறை வைத்து "நானா" என்று எழுதினால் நம்மூரில் மரியாதை. இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன். இரண்டு தரமும் அழித்தேன்.

முன்அறை ஜன்னல் கொளுக்கி கழன்றுவிட்டது.

நிஸ்மியா


தோஹா
18.02.2024

நிஸ்மியாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உம்மாவும் நீங்களும் சுகந்தானே? நான் நல்ல சுகம். இவ்வளவு சுகமாக எப்போது இருந்தேன் என்று யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மழைக்கோட்டைத் திருப்பி வைக்க வேண்டாம்.

எனக்கு இடம் மாறிவிட்டது. புதிய இடத்தில் என் அறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிகிறது. வேலை கொஞ்சம் குறைவு, அதனால் நினைக்க நேரம் அதிகம். ஏழு இருபதுக்கு ஸ்கூட்டியை எடுப்பீர்கள் என்று எழுதினீர்கள். ஏழு இருபதுக்கு நான் கையில் இருப்பதை வைத்துவிடுகிறேன். செவ்வாய் கிளினிக் நாள், பகல் சாப்பாடு பிந்தும். எனக்கும் அன்று பசிப்பதில்லை. இதெல்லாம் ஒரு வீட்டுக்காரன் எழுதுகிற விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். பதில் வைத்திருக்கிறேன்.

தினமும் எழுதுங்கள். பழுது இல்லாவிட்டாலும்.

றிஸான்


ஏறாவூர்
14.03.2024

றிஸான் அவர்களுக்கு,

ஸலாம். என் சுகம் கேட்காதீர்கள். இதை ஈமெயிலில் அனுப்பவில்லை. கடதாசியில் எழுதி, கதவு பார்க்க வந்த நோர்மன் அங்கிளின் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

சமையலறைப் பின்கதவு இறுகிவிட்டது என்று திங்கட்கிழமை எழுதினேன். "இந்த வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாம் செய்த பறங்கி ஆசாரி வருவார்" என்று அன்றைக்கே பதில் போட்டீர்கள். இன்று காலை வந்தார். நல்ல மனிதர். தேத்தண்ணீர் தரவா என்று கேட்டேன். "நோன்பு நேரம், வேணாம் தங்கச்சி. நீங்க குடியாம நான் குடிக்கிறதா?" என்றார். மரம் அறுக்கிற வாளும் சீவுளியும் எடுத்து வைத்தார். கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"மரம் நல்ல மரம். நேத்துப் பின்னேரம் றிஸான் தம்பிதான் என்ட பட்டறையில நிண்டு தெரிஞ்சி தந்தவர்."

"எந்த றிஸான்?" என்றேன்.

"இதென்ன கேள்வி? உங்கட வீட்டுக்காரர்தான். புளியந்தீவில எங்கட வீட்டுப் பின்னறையில குடியிருக்கிறார் தானே."

"எப்ப இருந்து?"

"தை மாசக் கடைசியில வந்தவர்..." அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சீவுளியைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ, யேசுவே. சொல்ல வேணாமெண்டு சொன்னவர். நான் மறந்து போயிட்டன்."

தை மாசக் கடைசி! ஒன்றரை மாதம்! புளியந்தீவு இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி. "தோஹா" என்று தலையில் போட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிகிறது என்று எழுதினீர்கள். என் ஆறுதான் அது! நோன்பு ஒன்றுக்கு "அங்கே பிறை கண்டாச்சா?" என்று என்னிடமே கேட்டீர்கள். இரண்டு பேரும் ஒரே வானத்தைப் பார்த்துக்கொண்டு!

கோபத்தில் இரண்டு தாளைக் கிழித்துப்போட்டுத்தான் இதை எழுதுகிறேன். கோபம் மட்டும்தானா என்று என்னைக் கேட்கவும் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. உண்மை சொல்லுங்கள். இங்கே வந்தீர்களா? என்னைப் பார்த்தீர்களா?

நிஸ்மியா


புளியந்தீவு
15.03.2024

நிஸ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் கேட்க எனக்கு இப்போது உரிமை இல்லை. உம்மாவின் சுகத்தை மட்டும் கேட்கிறேன்.

வந்தேன். மூன்று தரம்.

முதல் தரம், வந்த மூன்றாம் நாள். கிளினிக்குக்கு எதிர்த் தேநீர்க்கடையில் இருந்தேன். நீங்கள் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன் தாய்க்கு ஏசிக்கொண்டிருந்தீர்கள். இரண்டாம் தரம் கடையில் இடம் இல்லை, நின்றேன். மூன்றாம் தரம் மாசி இருபதாம் திகதி, சந்தை ஒழுங்கையில். எதிரே ஸ்கூட்டியில் வந்தீர்கள். எனக்கு அசைய முடியவில்லை. நீங்கள் என் முகத்தை நேராகப் பார்த்து, "கொஞ்சம் விலகுங்க நானா" என்றீர்கள். எழுதும்போது அழித்த சொல்லை ரோட்டில் எனக்கே தந்துவிட்டுப் போய்விட்டீர்கள். அன்றோடு நிறுத்தினேன். ஒளிந்து பார்ப்பவனுக்கு அதுதான் கிடைக்கும் என்று விளங்கியது.

ஏன் மறைத்தேன்? ஒப்பந்தம் முடிந்தது. சவூதியில் வேலை இருந்தது. உங்கள் வெள்ளக் கடிதம் வந்த பிறகு எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வந்துவிட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும்? ஒரே மாவட்டத்தில், கலியாணம் கட்டாத வீட்டுக்காரன், ஆண் துணை இல்லாத பெண். மரியாதையுள்ளவர்களாய்க் கடிதத்தை நிறுத்தியிருப்போம். நான் தோஹாவில் இருக்கும் வரைதான் நீங்கள் எனக்கு எழுதலாம். அதனால் தோஹாவில் இருந்தேன்.

இன்னொன்றும் மறைத்தேன். அது பெரியது. ரிப்காவுக்குப் பேசி முடித்தாயிற்று. ஆடி மாதம் கலியாணம். வீடு தேவை. இதை எழுத எத்தனையோ நாள் உட்கார்ந்தேன். உங்களை அந்த ஜன்னலடியிலிருந்து எழும்பச் சொல்ல எனக்குக் கை வரவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நோர்மன் அங்கிள் உங்கள் கடிதத்தைத் தந்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தம்பி, அந்தக் கதவில ஒரு பழுதுமில்ல. பத்துத் தரம் திறந்து பூட்டிப் பாத்தன். தாழ்ப்பாளும் நல்லம், ஜன்னல் கொளுக்கியும் நல்லம். மறுகா அந்தத் தங்கச்சி ஏன் ஆள் கேட்டவ?"

குற்றவாளிதான் நான். ஆனாலும் அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

றிஸான்


ஏறாவூர்
07.06.2024

றிஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் நலம். நீங்களும் நலம் என்று நோர்மன் அங்கிள் சொன்னார். ஆமாம், அவரிடம் கேட்டேன். பன்னிரண்டு கிழமை நான் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை, வரவுமில்லை, ஒளிந்தும் வரவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தேநீர்க்கடைப் பக்கம் பார்க்காமல் ஒரு நாளும் ஸ்கூட்டியை எடுத்ததில்லை. ஆள் இல்லையென்று ஆறுதலாக இருக்கும். பாதி வழி போக முன்னமே அந்த ஆறுதல் போய்விடும்.

நேற்று வீட்டைக் காலி செய்தோம். சாவியை ரிப்காவின் கையிலேயே கொடுத்தேன். நல்ல பிள்ளை. வீட்டை இப்படித் துடைத்து வைத்திருக்கிறீர்களே தாத்தா என்று, அக்கா முறை சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஆறு தெரியாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு.

ஆகவே இன்றிலிருந்து நீங்கள் என் வீட்டுக்காரர் அல்ல. வீட்டுக்காரருக்கு எழுத முடியாததை இப்போது எழுதலாம்.

நீங்கள் முகம் காட்டாமல் பார்த்தது பிழை. அதைச் சின்னதாக்க மாட்டேன். என் வாழ்க்கையில் என்னைக் கேட்காமல் பார்த்து விலை சொன்னவர்கள் போதும். இனி என்னைப் பார்ப்பதென்றால் நான் உங்களைப் பார்க்கிற மாதிரி முன்னுக்கு வந்து நிற்க வேண்டும்.

என் பிழையையும் சொல்கிறேன். முதலில் சொன்ன குழாயும் கூரையும் உண்மை. அதற்குப் பிறகு ஒரு பழுதும் இல்லை. தாழ்ப்பாள் பொய். கொளுக்கி பொய். கதவு இறுகவே இல்லை. ஸலாம் சொல்லி எழுத ஒரு காரணம் வேண்டுமே! தினமும் பின்னேரம் அஸர் தொழுத பிறகு உங்கள் அறைக்குள் போய் இருந்தேன். உம்மா கேட்டா, "மழ விட்டு ரெண்டு மாசம், இன்னமும் என்ன காயப்போடுறாய்?" என்று. நீங்கள் மூன்று தரம் வந்து பார்த்தீர்கள். நான் ஏழு மாதம் உங்களுக்குள் குடியிருந்தேன்.

ஓட்டமாவடியிலிருந்து என் கூடப்பிறந்த இப்றாஹிம் நானாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முகம் கறுத்தது.

"வீடு இல்லாம எப்பிடி ஒன்னக் கட்டிக் குடுக்கிற? ஊர் சிரிக்கும்."

"வீட்டக் குடுத்து ஒரு மாப்பிள்ளய எடுத்துத் தந்தீங்க. பாத்தீங்கதானே நானா. இந்த முற வீடு இல்லாம எடுத்துப் பாக்கன்."

"அவனுக்காவது வீடு இரிக்கா?"

"மூணு கட்டினவர். ஒண்டும் இல்ல."

நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் சரியான பைத்தியம். வரச் சொல்லு. ஆளப் பாக்கணும்."

வருகிற வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு. இந்த வீட்டுக்காரி ரொம்பக் கண்டிப்பு. எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டா. "இப்ப ரெண்டு பேர்" என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
நிஸ்மியா


புளியந்தீவு
08.06.2024

நிஸ்மியாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மதுல்லாஹ். உம்மாவுக்கும் இப்றாஹிம் நானாவுக்கும் ஸலாம். எனக்குச் சுகத்துக்கு ஒரு குறையுமில்லை. காலையிலிருந்து சாப்பிட மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன். முடித்ததும் பட்டறைக்குள் ஓடினேன். நோர்மன் அங்கிள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளை வைத்தார். "யாரும் மௌத்தா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப கலியாணம்" என்றார். சவூதிக்காரருக்கு வரமாட்டேன் என்று ஊருக்கு வந்த அன்றே சொல்லிவிட்டேன். இங்கே அவரோடு சேர்ந்து வேலை எடுக்கிறேன், மரம் அவர், தரை நான். இதை இப்றாஹிம் நானா கேட்பார், அதனால் சொல்கிறேன்.

காத்தான்குடிக்குப் போய் மூன்று தங்கைமாரையும் ஒன்றாக இருத்திச் சொன்னேன். ஷாகிரா அழுதாள். முப்லிஹா உடனே என்ன உடுப்பு என்று கேட்டாள். ரிப்காதான் எழும்பி வந்து, "சாவி தரக்குள்ள அந்தத் தாத்தா திரும்பித் திரும்பி ஜன்னலையே பாத்தவ. நான் வீட்டுக்காக எண்டு நினச்சன் நானா" என்றாள். மூவரும் வருவார்கள். தடுக்க முடியாது.

புதிய வீடு எந்த ஒழுங்கையில் என்று மட்டும் நோர்மன் அங்கிள் சொன்னார். இன்று ஏறாவூரில் எனக்கு ஒரு வேலையும் இருந்தது. கிளினிக் ஒழுங்கை வரை போனேன். திரும்பிவிட்டேன். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், நாலு பேரிடம் வழி கேட்டு, வாசலில் நின்று என் பெயரைச் சத்தமாகச் சொல்வேன். கோழிகள் எழும்பிப் பறந்தாலும் பரவாயில்லை.

நீங்கள் முன்னுக்கு வந்து நில்லுங்கள். நான் விலகமாட்டேன்.

வாறன்.

றிஸான்